ஒன்றரை லட்சம் ரூபியாவுக்கு ஒரு ரசீது

முப்பத்து நான்கு ஆண்டுகள் வணிகவரித் துறையில் வேலை பார்த்தவன் நான். அதில் ஆறு ஆண்டுகள் சோதனைச் சாவடியில் கழிந்தன. நள்ளிரவில் லாரியை நிறுத்தி, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஓட்டுநரிடம் பட்டியல் வாங்கி, டார்ச் வெளிச்சத்தில் மூட்டையை எண்ணும் வேலை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் சாவடிகளை மூடிவிட்டார்கள். ஆனால் அந்தக் கண் மூடவில்லை. வெளிநாடு போனால் மற்றவர்கள் கடலைப் பார்க்கிறார்கள், நான் வசூல் கவுண்டரைப் பார்க்கிறேன்.

ஆகவே இங்கே இந்தோனேசியாவின் பாலித் தீவு அழகைத் தேடாதீர்கள். அந்தத் தீவுக்குள் போகவும் வெளியே வரவும் வெளிநாட்டுக்காரரிடம் வாங்குகிற பணத்துக்கு ஒரு மதிப்புரை இது. எவ்வளவு வாங்குகிறார்கள், எப்படி வாங்குகிறார்கள், வாங்கியதற்கு என்ன காட்டுகிறார்கள் என்பதுதான் என் அக்கறை. ஹோட்டல் தலையணை எப்படி இருந்தது என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

2025 பொங்கல் முடிந்த கையோடு போவதாகத் திட்டம். திருச்சியிலேயே ஒரு சுற்றுலா முகவரிடம் விலைப்பட்டியல் கேட்டேன். பளபளப்பான தாளில் கொடுத்தார். விமானம், ஹோட்டல், கார் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி இருந்தது: ‘பாலி நுழைவு மற்றும் புறப்பாட்டு வரிகள், தலைக்கு ரூ.6,000.’

“தம்பி, இதில் எந்த வரி எவ்வளவு?” என்று கேட்டேன்.

“எல்லாம் அந்த ஊர் அரசாங்க வரிதான் சார். மொத்தமாகப் போட்டிருக்கிறோம்.”

மொத்தமாக! ‘இதர வரிகள்’ என்று ஒரு வரியில் எழுதி எந்த வியாபாரியும் என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். “ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது, இன்னும் உங்களுக்கு ஆய்வு முடியவில்லை” என்றாள் மனைவி. அன்று இரவு உட்கார்ந்து அந்த ஆறாயிரத்தைப் பிரித்தேன்.

முதலாவது, விசா. இந்தியக் கடவுச்சீட்டுக்கு இந்தோனேசியாவில் வருகையின்போதே விசா கொடுக்கிறார்கள். முப்பது நாளுக்கு 5,00,000 ரூபியா, ரூபியா என்பது அந்த நாட்டுப் பணம். விமான நிலையத்தில் இறங்கியும் வாங்கலாம், புறப்படும் முன் இணையத்திலும் வாங்கலாம். இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 2018இல் என் மாப்பிள்ளையும் மகளும் போனபோது விசாவுக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. 2016இல் 169 நாட்டுக்காரர்களுக்கு விசா இல்லாமல் வர அனுமதி கொடுத்தார்கள், இந்தியாவும் அதில் இருந்தது. கொரோனா வந்தபோது அதை நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. வரி என்ற பிராணி அப்படித்தான், ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் வாசலைக் காட்டினாலும் போகாது. என் துறையைப் பற்றி நானே சொல்கிறேன்.

இரண்டாவது, பாலி மாகாணம் தனியாக வாங்கும் சுற்றுலா வரி. தலைக்கு 1,50,000 ரூபியா. 2024 பிப்ரவரி 14 முதல் வாங்குகிறார்கள். இது மத்திய அரசு இருக்கும் ஜகார்த்தாவுக்குப் போகும் பணம் அல்ல, பாலி மாகாண அரசின் கருவூலத்துக்குப் போவது. பாலிக்கென்று 2023இல் வந்த தனிச்சட்டம் அவர்களுக்கு இந்த உரிமையைக் கொடுத்தது. பண்பாட்டையும் சுற்றுச்சூழலையும் காப்பதற்கு என்று காரணம் சொல்கிறார்கள். வெளிநாட்டவருக்கு மட்டும்தான். ஜாவாவிலிருந்து வரும் இந்தோனேசியர் கட்ட வேண்டாம். கைக்குழந்தையாக இருந்தாலும் வெளிநாட்டுக் குழந்தை என்றால் கட்ட வேண்டும்.

மூன்றாவது, புறப்பாட்டு வரி. இங்கேதான் முகவரின் தாள் கிழிந்தது. பாலியில் விமானம் ஏறுகிறவரிடம் விமான நிலையக் கட்டணம் என்று ஒன்று முன்பு கவுண்டரில் ரொக்கமாக வாங்கினார்கள், உண்மைதான். பல ஆண்டுகளாக அது விமான டிக்கெட்டின் விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. டிக்கெட்டுக்கு நான் தனியாகப் பணம் கொடுக்கும்போது அதே வரியை மறுபடியும் ‘புறப்பாட்டு வரி’ என்று எழுத முடியாது.

ஐந்து லட்சமும் ஒன்றரை லட்சமும் ஆறரை லட்சம் ரூபியா. அன்றைய மாற்று விலையில் நம் பணம் சுமார் 3,500 ரூபாய். அவர் கேட்டது 6,000. இரண்டு பேருக்கு ஐந்தாயிரம் ரூபாய் எங்கே போகிறது என்று மறுநாள் போய்க் கேட்டேன். “சேவைக் கட்டணம் சார்” என்றார். அதைச் ‘சேவைக் கட்டணம்’ என்றே எழுதியிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பேன். வரி என்ற பெயரில் எழுதியதால் கொடுக்கவில்லை. டிக்கெட்டை நானே எடுத்தேன்.

பணம் கட்டும் அனுபவத்துக்கு வருகிறேன். தேடுபொறியில் தேடினால் முதலில் வருவது அரசாங்கத் தளம் அல்ல. அதே மாதிரி கொடி, அதே மாதிரி கருடன் படம் போட்டு, இரண்டு மடங்கு பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்கள்தான் வரிசையாக வருகின்றன. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்தோனேசிய அரசுத் தளங்களின் முகவரி ‘கோ.ஐடி’ என்று முடியும். விசாத் தளமும் அப்படி, ‘லவ் பாலி’ என்ற வரித் தளமும் அப்படி. வேறு எப்படி முடிந்தாலும் அது கடை.

லவ் பாலித் தளத்தில் எனக்கு ஏழு நிமிடம் ஆயிற்று. பெயர், கடவுச்சீட்டு எண், நாடு, மின்னஞ்சல், போய்ச் சேரும் நாள். அட்டையில் பணம் கட்டினேன். மின்னஞ்சலில் க்யூஆர் குறி போட்ட ஒரு சீட்டு வந்தது. என் மனைவியின் பெயரில் மட்டும் சற்றுத் தயங்கினேன். நம் ஊர்க் கடவுச்சீட்டுகளின் பழைய சங்கடம்தான்: குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அதனால் விமான டிக்கெட்டில் அவள் பெயரை இரண்டு முறை அடுத்தடுத்து அடித்திருந்தார்கள். வரிச் சீட்டில் எப்படிப் போடுவது? கடவுச்சீட்டில் உள்ளபடி ஒரே ஒரு முறை போட்டேன், எந்தத் தொல்லையும் இல்லை. பெயர் இரட்டித்தால் வரியும் இரட்டிக்குமோ என்று அவள் கேட்டதை இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டு விசா, இரண்டு வரிச் சீட்டு, டிக்கெட், காப்பீடு எல்லாவற்றையும் அச்செடுத்துக் கண்ணாடித் தாள் உறையில் போட்டேன். கைப்பேசியில் இருக்கிறதே என்று மகள் சொன்னாள். கைப்பேசி மின்சாரம் தீர்ந்தால் செத்துப் போகும், காகிதம் சாகாது.

திருச்சி விமான நிலையத்தில் 2024 ஜூன் முதல் புது முனையம். ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தை நினைவூட்டும் முகப்பும் வண்ணமும் நன்றாகவே இருக்கின்றன. டிக்கெட்டில் ‘பயனர் மேம்பாட்டுக் கட்டணம்’ என்று நம்மிடம் வாங்குவது இதற்கெல்லாம்தான். கொடுத்த பணத்தின் மேலேயே நடந்து போய் விமானம் ஏறுகிறோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கோலாலம்பூரில் மாறி, பாலியின் நுராராய் விமான நிலையத்தில் இறங்கினோம். விசா கையில் இருந்ததால் குடிநுழைவு சீக்கிரம் முடிந்தது. வெளியே வந்ததும் எனக்கு முதலில் பிடிபடாதது அங்கே எண்களை எழுதும் முறை. ஆயிரத்துக்குக் காற்புள்ளி போடாமல் புள்ளி வைக்கிறார்கள். 150.000 என்று பலகையில் பார்த்ததும், நூற்றைம்பதுக்குப் பின்னால் எதற்கு மூன்று தசம இடம் என்றுதான் கணக்குப் பிள்ளையின் மூளை கேட்டது. பேச்சில் இன்னும் சுலபம். ‘ரிபு’ என்றால் ஆயிரம். பக்கோடா போன்ற ஒன்று முப்பது ரிபு, இளநீர் இருபத்தைந்து ரிபு. மனைவி இரண்டாம் நாளே ரிபுவில் பேரம் பேசினாள். நான் ஊர் திரும்பும் வரை ஒவ்வொன்றையும் நம் ரூபாயாக்க நூற்று எண்பத்தெட்டால் வகுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஓட்டுநர் வயான். அங்கே முதல் பிள்ளைக்கு வைக்கும் பெயர்களில் ஒன்று அது. நாற்பது வயதிருக்கும். என் உறையைப் பார்த்து, “ஐயா வரி கட்டிவிட்டீர்களா?” என்று ஆச்சரியமாகக் கேட்டார். கட்டாமல் எப்படி என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மூன்று நாள் என் உறையை யாரும் கேட்கவில்லை. கையில் சரியான பட்டியலோடு சாவடிக்கு வந்து, “போ, போ” என்று கை காட்டி அனுப்பப்பட்ட லாரிக்காரர்களின் முகத்தில் ஓர் ஏமாற்றம் இருக்கும். அப்போது எனக்கு அது புரிந்ததே இல்லை.

நான்காம் நாள் தானா லோட் போனோம். கடலுக்குள் ஒரு பாறை, பாறை மேல் கோயில். அலை வாங்கினால் நடந்து போகலாம், ஏறினால் கரையில் நிற்க வேண்டும். நுழைவுச் சீட்டு வெளிநாட்டவருக்கு 75,000 ரூபியா, உள்நாட்டவருக்கு 30,000. அங்கே சீருடையில் இருவர், பணிவாகக் கை கூப்பி, பாலி வரிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் உறையை உருவிய வேகத்தில் அந்தப் பெண் ஒரு அடி பின்வாங்கினாள். கைப்பேசியால் குறியைப் படம் பிடித்தாள், பச்சை விழுந்தது, “தெரிமா காசி” என்றாள். நன்றி என்று பொருள். காசி என்று முடிவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என் மனைவி தூரத்தில் நின்று, “முகத்தைப் பாருங்கள், மகள் கல்யாணத்தில்கூட இப்படிச் சிரிக்கவில்லை” என்றாள்.

அன்றிரவு ஹோட்டலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2024இல் பாலிக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 63 லட்சம் பேர். அந்த ஆண்டு இந்த வரியில் வசூலானதாகச் செய்திகளில் வந்த தொகை ஏறத்தாழ 31,800 கோடி ரூபியா, நம் பணத்தில் சுமார் 170 கோடி ரூபாய். முப்பத்தோராயிரத்து எண்ணூறு கோடியை ஒன்றரை லட்சத்தால் வகுத்தால் 21 லட்சத்துச் சொச்சம். அதாவது மூன்றில் ஒருவர்தான் கட்டியிருக்கிறார். வரி பிப்ரவரி நடுவில்தான் தொடங்கியது, சிலருக்கு விலக்கு உண்டு, அதையெல்லாம் கழித்தாலும் பாதிக்கு மேல் நழுவிவிட்டது. வயான் ஏன் சிரித்தார் என்று தெரிந்தது.

நான் கோபப்பட்டதாக நினைக்காதீர்கள். ஒரு வகையில் அனுதாபம்தான். குடிநுழைவு ஜகார்த்தா அரசின் கையில், வரி மாகாணத்தின் கையில். கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் இடத்திலேயே, “சீட்டு எங்கே?” என்று கேட்க மாகாணத்துக்கு ஆள் இல்லை. கேட்கும் இடமும் வாங்கும் இடமும் வேறு வேறாக இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் துறையில் பத்தாம் வகுப்புப் படித்த அலுவலக உதவியாளரே சொல்லுவார். நேர்மையாகக் கட்டுகிறவன் அசடாகவும், கட்டாதவன் கெட்டிக்காரனாகவும் தெரிந்துவிட்டால் அந்த வரிக்கு ஆயுள் குறைவு. வசூலிக்கும் தளத்துக்கு நான் பத்துக்கு எட்டு கொடுப்பேன். வசூலுக்கு மூன்றுதான்.

இனி, கொடுத்ததற்கு என்ன கிடைத்தது? உலுவாட்டு கோயிலில் மாலையில் கேசாக் என்ற ராமாயண நாட்டியம் பார்த்தோம். அதற்கும் சீட்டு 1,50,000 ரூபியா, தீவு வரி எவ்வளவோ அதே தொகை! ஆகவே ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. பகலெல்லாம் மழை, ஐந்து மணிக்கு விட்டது. செங்குத்தான பாறை விளிம்பில் கல் படிக்கட்டுகள், கீழே கடல். இடுப்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிய ஐம்பது அறுபது ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து “சாக், சாக், சாக்” என்று வாயாலேயே தாளம் போடுகிறார்கள். வேறு வாத்தியம் கிடையாது. நடுவில் ராமன், சீதை, ராவணன், அனுமன். அனுமன் வாலில் வைத்த நெருப்பு காய்ந்த தென்னோலையில் பற்றி எரிந்தபோது பின்னால் இருந்த ஒரு ஜெர்மன்காரக் குழந்தை வீறிட்டது. கதை தெரிந்ததால் எங்களுக்கு மொழி தேவைப்படவில்லை. சூர்ப்பனகை இல்லாத குறையை மட்டும் மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றரை லட்சத்துக்கு ஒரு மணி நேரம், கை நிறைய, மனம் நிறைய.

அதே ஒன்றரை லட்சம் தீவுக்குக் கொடுத்தோமே, அது எங்கே தெரிகிறது? குட்டா கடற்கரைக்கு மறுநாள் காலையில் போனோம். தை மாதத்தில் அங்கே மேல்காற்று. கடல் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுகிறது: மூங்கில், செருப்பு, பிளாஸ்டிக் குவளை, கிழிந்த வலை. ஒரு பக்கம் ஆட்கள் வாரிக் குவிக்கிறார்கள், அடுத்த அலை இன்னொரு கூடை கொண்டுவருகிறது. பிளாஸ்டிக் பை, உறிஞ்சுகுழல், தெர்மகோல் மூன்றையும் பாலியில் 2019லேயே தடை செய்துவிட்டார்கள். கடைகளில் கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள், துணிப்பை இல்லாமல் போன மனைவி மாம்பழத்தைத் துப்பட்டாவில் கட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் கடலுக்கு யார் தடை போடுவது?

வயானிடம் கேட்டேன். “வரியை நீங்கள் கட்டினீர்கள், நாங்கள் கட்டவில்லை. அதனால் எங்கே போனது என்று கேட்க எங்களுக்கு வாய் வருவதில்லை” என்றார். நான் கேட்ட வரி விமர்சனங்களிலேயே கூர்மையானது இதுதான். உள்ளூர்க்காரன் கட்டும் வரிக்கு உள்ளூரில் கணக்குக் கேட்பான், வாக்குச் சீட்டு அவன் கையில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் ஐந்து நாளில் போய்விடுவான். அவனிடம் எவ்வளவு வாங்கினாலும் தேர்தலில் தோற்க மாட்டார்கள். உலகம் முழுவதும் ஆட்சியாளர்களுக்கு இந்த வரி இனிப்பதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. குப்பைக் கூடையிலோ கோயில் மதிலிலோ ‘இது உங்கள் வரிப் பணத்தில்’ என்று ஒரு சிறு தகடு இருந்தால்கூட எனக்குப் போதும். நான் போன இடங்களில் அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. கணக்குக் காட்டுவதற்கு நான்கு மதிப்பெண்.

உலுவாட்டுவில் இன்னொரு வசூல் துறையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் மதிப்புரை முழுமை பெறாது. குரங்குகள். கோயில் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது என் கண்ணாடி மூக்கிலிருந்து பறந்தது. மதில் மேல் ஒரு கிழட்டுக் குரங்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. ஓடவில்லை, கடிக்கவில்லை, காத்திருந்தது. கோயில் ஆள் ஒருவர் பழத்துண்டை நீட்டினார். அது பழத்தைப் பரிசோதித்தது, போதாது என்று முகத்தைத் திருப்பியது. இரண்டாவது துண்டு வந்ததும் கண்ணாடியைக் கீழே போட்டது. பறிமுதல், தொகை நிர்ணயம், வசூல், பொருள் விடுவிப்பு, எல்லாம் மூன்று நிமிடம். மேல்முறையீடு கிடையாது என்பது ஒன்றுதான் குறை. நழுவல் விகிதம் பூஜ்யம்.

பூட்டானோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. 2023 ஏப்ரலில் துறை நண்பர்கள் நான்கு பேரோடு அங்கே போனேன். அங்கே ‘நிலைத்த வளர்ச்சிக் கட்டணம்’ என்று பெயர். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். இந்தியருக்கு 1,200 ரூபாய். மற்ற நாட்டவருக்கு 2022 செப்டம்பரில் 200 டாலர் ஆக்கினார்கள், கூட்டம் வரவில்லை, ஓர் ஆண்டிலேயே 100 ஆகக் குறைத்தார்கள். 2027 ஆகஸ்ட் வரை அந்தச் சலுகை. நமக்கு 2020க்கு முன்னால் இப்படி ஒன்று இருந்ததில்லை. ஐந்து இரவுக்குத் தலைக்கு ஆறாயிரம் கட்டினோம். தொகை வலித்தது, மறைக்க மாட்டேன். ஆனால் கட்டாமல் எல்லை ஊரைத் தாண்டி உள்ளே போக முடியாது. அனுமதிச் சீட்டும் கட்டணமும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார்கள். பணம் மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் காட்டுக்கும் போகிறது என்று வழிகாட்டிப் பையன் மூச்சு விடாமல் சொன்னான். நாட்டில் அறுபது விழுக்காடு காடாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தவர்கள். பாரோவிலிருந்து திம்பு போகும் வழியில் சன்னலைத் திறந்தால் பைன் மரம் மணக்கிறது. சரி, ஆயிரத்து இருநூறு இங்கே இருக்கிறது என்று மனசு சமாதானம் ஆகிறது.

ஆனால் ஒன்று. எங்களோடு வந்த நண்பர் ஒருவர் நான்காம் நாளே ஊர் திரும்பலாம் என்று நச்சரித்தார், ஒவ்வொரு இரவும் மீட்டர் ஓடுகிறதே என்று. இரவுக்கு இவ்வளவு என்று வாங்குவதில் உள்ள கோளாறு அது. மனிதன் மலையைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்க்கிறான். பாலியில் ஒரு முறை கட்டினால் முடிந்தது, ஒரு வாரமோ ஒரு மாதமோ. அந்த விஷயத்தில் பாலிதான் மேல்.

வெனிஸ் இதையே தலைகீழாகச் செய்கிறது: இரவு தங்குகிறவரை விட்டுவிட்டு, பகலில் வந்து பகலிலேயே போகிறவரிடம் 5 யூரோ. 2024 ஏப்ரல் 25இல் தொடங்கினார்கள், அதுவும் கூட்டம் மிகும் நாட்களில் மட்டும். மறு ஆண்டு கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ என்றார்கள். நான் போனதில்லை, போகிற உத்தேசமும் இல்லை. நியூசிலாந்தில் அந்த நாட்டு டாலரில் 35ஆக இருந்த வருகை வரி 2024 அக்டோபரில் ஒரே தாவலாக 100 ஆயிற்று. மகன் வீட்டுக்கு ஆக்லாந்து போய் வந்த என் பழைய மேலதிகாரி அதைச் சொல்லும்போது இன்னும் நெஞ்சைத் தடவிக்கொள்கிறார்.

புறப்பாட்டு வரிகளைப் பொறுத்தவரை உலகம் புத்திசாலியாகிவிட்டது. டிக்கெட்டுக்குள் புதைத்துவிடுகிறார்கள். ஜப்பான் 2019 ஜனவரி 7 முதல் நாட்டை விட்டுப் போகிற எவரிடமும், சொந்த நாட்டவர் உட்பட, ஆயிரம் யென் வாங்கத் தொடங்கியது. பல பேருக்குக் கட்டியதே தெரியாது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையில் 70 ஆஸ்திரேலிய டாலர் ஆக்கினார்கள். பிரிட்டனில் 1994 முதல் விமானப் பயணிகளிடம் வாங்குகிறார்கள், தூரம் போகப் போகத் தொகை கூடும். நம் நாட்டிலும் 1979இல் தொடங்கி வெளிநாட்டுப் பயண வரி என்று ஒன்று இருந்தது, 2004இல் எடுத்தார்கள். டிக்கெட்டின் அடியில் சின்ன எழுத்தில் ஈரெழுத்துக் குறிகள் வரிசையாக இருக்கும். யாரும் படிப்பதில்லை. படியுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், என் சித்தப்பா மகன் போன வருடம் ஒரு வெளிநாட்டுப் பயணத்தை உடம்பு சரியில்லாமல் ரத்து செய்தான். ‘பணம் திரும்பாது’ வகை டிக்கெட் என்பதால் ஒரு ரூபாய்கூட வராது என்று விமான நிறுவனத்தில் கையை விரித்துவிட்டார்கள். டிக்கெட் விலை திரும்பாதுதான். ஆனால் பயணம் செய்யாதவனிடம் பயண வரியை எப்படி வைத்துக்கொள்ள முடியும்? அரசு வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் எந்த வகை டிக்கெட்டாக இருந்தாலும் திருப்ப வேண்டும் என்று நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. விதி எண் குறிப்பிட்டு நான் இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்தேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்குப் பணம் வந்தது. நாலாயிரத்துச் சொச்சம். அவன் எனக்கு ஒரு கிலோ மணப்பாறை முறுக்கு வாங்கிக் கொடுத்தான்.

பாலியிலிருந்து கிளம்பிய அன்று மதியம் விமான நிலையத்தில் எங்களுக்கு முன்னால் ஓர் ஆஸ்திரேலியப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், இரண்டு நூறாயிரம் ரூபியா நோட்டுகளைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டிருந்தார். புறப்பாட்டு வரி கவுண்டர் எங்கே என்று கேட்டார். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது கடைசி நாளில் கையில் பணமில்லாமல் தவித்தாராம், அதனால் இந்த முறை வந்த அன்றே இரண்டு லட்சத்தை எடுத்துத் தனியாக வைத்துவிட்டாராம். இப்போது அது டிக்கெட்டிலேயே அடக்கம் என்று என் டிக்கெட்டின் சின்ன எழுத்தைக் காட்டி விளக்கினேன். அவர் நம்பவில்லை. தன் டிக்கெட்டையும் எடுத்தார், மூக்குக் கண்ணாடியை மாற்றினார், விரலால் வரி வரியாகத் தடவினார். நானும் கூடவே தடவினேன். என் மனைவி ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்கு ஒரே குஷி. வரியாகக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் காபி வாங்கித் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். மறுக்க முடியவில்லை. மூன்று காபி, ஆளுக்கு ஒரு சிறிய வாழைப்பழக் கேக். இரண்டு நூறாயிரம் நோட்டும் போனது, மேலே ஒரு இருபது ரிபு நான் போட்டேன். ரசீது கேட்டு வாங்கி உறைக்குள் வைத்தேன். சேவைக் கட்டணம், வரி இரண்டையும் தனித்தனியாக அச்சடித்திருந்தார்கள்.